பதினேழு நிமிடம்

திருக்கோவிலில் குளிர்காலம் என்றால்
காயாத பள்ளிக்கூடச் சட்டை,
ஊதிப்போய்ப் பூட்ட மறுக்கும் குசினிக் கதவு,
உப்புப் போத்தலுக்குள் ஒரு பிடி அரிசி.
அவ்வளவுதான்.

ஆண்டிலேயே நீண்ட இரவாம் இன்று.
மகள் லதுர்சிகா கணக்குப் பார்த்தாள்:
பன்னிரண்டு மணித்தியாலமும் பதினேழு நிமிடமும்.
"பதினேழு நிமிசத்துக்கு ஒரு பெருநாளா?" என்று
முதல் வருடம் சிரித்தேன்.
இது நாலாவது.

தொடக்கி வைத்தவள் மச்சாள் சுபோதினி.
நோர்வேயின் வடக்கு நுனியில் இருக்கிறாள்.
நவம்பர் முடிவில் போகிற சூரியன் அங்கே
பொங்கல் கழிந்துதான் எட்டிப் பார்க்கும்.
"படத்தைக் கொழுவித்தான்கா நாங்க பொங்குற" என்பாள்.
வேதம் வர முன்னம் அந்த ஊர்ச் சனம்
இந்த இரவில் நெருப்பு மூட்டி
திரும்பி வா என்று சூரியனைக் கூப்பிட்டதாம்.
பேர் தெரியாத சாமி. ஐயர் வேண்டாம்.
தட்சணையும் வேண்டாம்.
கடைசிச் சொல்லில்தான் இவர் விழுந்தார்.

இவருக்கு மின்சார சபையில் வேலை.
ஆறு மணிக்கு மெயின் சுவிட்சைத் தன் கையாலேயே இறக்குவார்.
மதிலுக்கு மேலால் பூமணியின் தலை:
"என்னகா, உங்கட வீட்ட மட்டும் கரண்ட் இல்லையா?"
"இருட்டு வெச்சிருக்கம் ஆன்ரி" என்றாள் மகள்,
கொலு வைத்தவள் மாதிரி.

மாரியில் எந்த விறகு பத்தும்?
மோட்டார் சைக்கிளைத் தள்ளிவிட்டு
தகரக் கொட்டிலுக்குள் சிரட்டையும் பொச்சுமட்டையும்.
ஒரு மூடி மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டு
"சாமிக்குச் சொல்லாதே" என்று கண்ணடித்தார்.
போனில் மச்சாளின் முகம் நீலமாய்.
அங்கே பகல் இரண்டு மணி, ஜன்னலில் இரவு.

பிறகு முட்டை அப்பம்.
தாச்சியைச் சுழற்றி
வெள்ளைக் கரைக்கு நடுவில் ஒரு மஞ்சள் சூரியனை உடைத்து விடுவார்.
மூன்று பேருக்கு ஐந்து அப்பம்.
முதல் வருடம் எண்ணத் தவறிவிட்டார் என்று நினைத்தேன்.
முட்டை விற்கிற விலைக்கு, வாய்வரை வந்தது.
நல்லகாலம், கேட்கவில்லை.

இன்னும் ஐந்து நாளில் கடற்கரைக்குப் போவோம்.
கல்லில் பெயர்கள் இருக்கின்றன.
கௌசலா.
ரிஷாந்தன், வயது ஆறு.
அங்கே இவர் வாய் திறப்பதில்லை,
மழை நனைத்தாலும் குடை பிடிப்பதில்லை.
எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் கல்லில் இருந்த அளவுதான்,
இந்த இரவு எங்கள் வீட்டுக்கு வரும்வரை.

மகள் போனில் பதினேழு நிமிடம் வைத்தாள்.
எந்தக் கலண்டரிலும் சேராத
மிச்ச இருட்டு.
அதற்குள் மட்டும் இவர் கதைப்பார்.
போன வருடம் அவள் சைக்கிள் பழகிய கதை,
வாய்க்காலுக்குள் விழுந்தும் மணியை அடித்துக்கொண்டே இருந்தாளாம்.
இந்த வருடம் அவன்.
அப்பத்தில் வெள்ளையைத் தொடவே மாட்டானாம்.
மஞ்சளை மட்டும் விரலால் தோண்டி நக்கிவிட்டு
"அப்பா, முடிஞ்சுது" என்று
கோப்பையை நீட்டுவானாம்.

லதுர்சிகா தன் அப்பத்தைப் பார்த்தாள்.
கரண்டியை வைத்தாள்.
மஞ்சளுக்குள் விரலை விட்டாள்.

போன் அடித்தது.
"நிப்பாட்டு மகள்" என்றார் இவர்.
சிரட்டை சாம்பலாகிற வரைக்கும் கதைத்தார்.
நுளம்பு கடித்தது. ஒருவரும் எழும்பவில்லை.

காலை, பிளேட்டில் ஏறினோம்.
கைப்பிடிச் சுவரில் மகளின் சோக்குக் கோடுகள்:
ஜூனில் சூரியன் வந்தது ஐஸ் வாடியின் பின்னால்.
பிறகு மாதம் மாதமாய்த் தெற்கே நகர்ந்து
இன்றைக்கு டவர் காலடியில் வரவேண்டும்.

வரவில்லை.
கடலும் வானமும் ஒரே சாம்பல் துணி.
அரை மணித்தியாலம் நின்றுவிட்டு
கோடு போட வேண்டிய இடத்தில்
"மழை" என்று எழுதினாள்.
எழுதும்போதே அது கரைந்தது.

கீழே இவர் சுவிட்சைப் போட்டார்.
பிரிட்ஜ் ஒருதரம் உதறி மூச்சு விட்டது.
மதிலுக்கு மேலால் பூமணி:
"வந்திட்டாகா?"
ஐந்தாவது அப்பம் கையில் இருந்தது.
"இந்தா, சாப்பிடு" என்றேன்.